பிரேக் திரவத்தின் நூறாண்டு

கார் பிறந்த பிறகு முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதன் பிரேக்கை இயக்கியவை இரும்புத் தண்டுகளும் கம்பிகளும்தான். ஓட்டுநர் பெடலை மிதித்தால், தண்டுகளும் கேபிள்களும் நெம்புகோல்களும் அந்த இழுவையைச் சக்கரம்வரை கொண்டுபோயின. பின்சக்கரங்களுக்கு மட்டும் பிரேக் இருந்த காலத்தில் இது ஓரளவு சமாளிக்கக்கூடியதாக இருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் வைக்கத் தொடங்கியதும் குறை வெளிப்பட்டது. முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பும். ஸ்பிரிங்கின் மேல் ஏறி இறங்கும். ஒவ்வோர் அசைவிலும் தண்டின் இழுவை மாறும். நாளாக ஆக மூட்டுகள் தேயும், கம்பி நீளும். நான்கும் ஒரே அளவில் பிடிக்கும்படி சரிசெய்வது கைதேர்ந்த மெக்கானிக்கின் பொறுமையையும் சோதிக்கும் வேலை. ஒரு பக்கம் கூடுதலாகப் பிடித்தால் கார் அந்தப் பக்கமே இழுக்கும். மழையில் நனைந்த சாலையில் அப்படியே சுழன்றுவிடும்.

திரவத்தின் இயல்பு இந்தச் சிக்கலுக்கு நேரான விடை. மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் விளக்கியிருந்தார். 1795இல் ஜோசப் பிராமா இங்கிலாந்தில் அந்த விதியை வைத்து ஹைட்ராலிக் அழுத்துபொறிக்குக் காப்புரிமை பெற்றார். திரவம் எளிதில் சுருங்காது. குழாய் எத்தனை வளைந்தாலும், சக்கரம் எந்தப் பக்கம் திரும்பினாலும், நான்கு சக்கரங்களுக்கும் போய்ச் சேரும் அழுத்தம் ஒன்றே. கொள்கை தெரிந்திருந்தும் அதைக் காரில் பொருத்த நெடுங்காலம் ஆனதற்குக் காரணம், அழுத்தத்தில் ஒழுகாத ஓர் அடைப்பும் அந்த அடைப்பைக் கெடுக்காத ஒரு திரவமும் கிடைக்காததுதான். பிரேக் திரவத்தின் வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையிலான உறவின் வரலாறு என்றே சொல்லலாம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தம்பி ஆலனுடன் சேர்ந்து விமானம் கட்டிக்கொண்டிருந்த மால்கம் லாக்ஹீட், நான்கு சக்கர ஹைட்ராலிக் பிரேக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் விமானத் தொழிலில் பெரும்பெயர் பெற்ற லாக்ஹீட் நிறுவனத்தின் வேரும் இந்தச் சகோதரர்களிடம்தான் இருக்கிறது. 1910களின் பிற்பாதியில் பிரேக் வடிவமைப்புக்குக் காப்புரிமை கோரிய மால்கம், விமானத் தொழிலை விட்டு விலகி டெட்ராய்ட்டுக்குச் சென்று பிரேக் நிறுவனத்தைத் தொடங்கினார். 1921இல் விற்பனைக்கு வந்த டூசன்பெர்க் மாடல் ஏ, நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக் கொண்ட முதல் பயணியர் கார். அது செல்வந்தர்களுக்கான வண்டி, நூற்றுக்கணக்கில்தான் விற்றது.

பெரும் எண்ணிக்கையில் அந்தப் பிரேக்கைச் சாலைக்குக் கொண்டுவந்தது 1924இன் கிரைஸ்லர் பி-70. வால்டர் கிரைஸ்லரின் பொறியாளர்கள் செடர், ஸ்கெல்டன், பிரீர் மூவரும் லாக்ஹீட்டின் வடிவமைப்பை எடுத்துச் சோதித்தபோது, சிலிண்டருக்குள் திரவத்தை அடைத்து நிறுத்தும் கிண்ண வடிவ அடைப்பு பதனிடாத தோலால் ஆனதாக இருந்தது. தோல் ஒழுகியது. காலையில் நன்றாகப் பிடித்த பிரேக் மறுநாள் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அவர்கள் தோலை நீக்கிவிட்டு ரப்பரைப் போட்டார்கள். சிலிண்டரின் சுவரோடு ஒட்டி நிற்கும் ரப்பர்க் கிண்ணத்தைத் திரவ அழுத்தமே வெளிப்பக்கம் தள்ளி இன்னும் இறுக்கும். மிதிக்க மிதிக்க அடைப்பு கெட்டிப்படும். முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 32,000 கிரைஸ்லர் கார்கள் விற்றன. இன்று ஒர்க்‌ஷாப்பில் ‘மாஸ்டர் சிலிண்டர் கிட்’ கேட்டு வாங்கினால் பொட்டலத்துக்குள் இருப்பது அந்த 1924ஆம் ஆண்டு ரப்பர்க் கிண்ணத்தின் வழித்தோன்றல்தான்.

எல்லோரும் உடனே மாறிவிடவில்லை. 1928இல் பிளிமத் விலை குறைந்த காரிலும் ஹைட்ராலிக் பிரேக்கைத் தந்தது. செவ்ரோலே 1936இல் மாறியது. ஹென்றி ஃபோர்டு மட்டும் குழாயில் ஓடும் திரவத்தை நம்ப மறுத்தார். பெடலிலிருந்து சக்கரம்வரை எஃகு என்பதையே பாதுகாப்பின் சான்றாக அவருடைய நிறுவனம் விளம்பரம் செய்தது. 1939 மாடல்களில்தான் இறங்கிவந்தது. ஃபோர்டின் அச்சத்தை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. ஒரே குழாய்த் தொடரில் எங்காவது ஓரிடத்தில் வெடிப்பு விட்டால் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒருசேரப் போய்விடும் நிலைதான் அன்று இருந்தது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, அல்லது குறுக்காக இரண்டிரண்டு சக்கரங்களுக்கு ஒன்று என்று இரட்டைச் சுற்று கொண்ட, பெடல் இயக்கும் மாஸ்டர் சிலிண்டர் பரவலானது 1960களில்தான்.

ரப்பர் வந்ததும் திரவத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பொறியாளர்களின் கையை விட்டுப் போய்விட்டது. அதை ரப்பரே முடிவுசெய்தது. சிலிண்டருக்குள் ஓட எஞ்சின் ஆயில் போன்ற பெட்ரோலிய எண்ணெய் எல்லா வகையிலும் பொருத்தமாகத் தோன்றும்: வழவழப்பானது, துருவைத் தடுப்பது, கொதிநிலை மிக உயர்ந்தது. ஆனால் இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயைக் குடித்து உப்பிவிடும். இரண்டும் வேதியியலில் ஒரே இனம், ஹைட்ரோகார்பன். உப்பிய கிண்ணம் சிலிண்டரில் சிக்கி நிற்கும், திரவம் திரும்பி வரும் துளையை மூடிவிடும், பிரேக் விடுபடாமல் பிடித்தபடியே இருக்கும், கடைசியில் ரப்பர் கூழாகிக் கிழியும். ஆகவே ரப்பரைத் தொடாத, குளிரில் உறையாத, ஓரளவு வழவழப்பும் உள்ள வேறொன்று தேவைப்பட்டது. தொடக்கத்தில் ஆல்கஹாலும் கிளிசரினும் கலந்து பயன்படுத்தினார்கள். விரைவிலேயே ஆமணக்கு எண்ணெய் முன்னுக்கு வந்தது.

ஆமணக்கு எண்ணெய்க்கு மற்றத் தாவர எண்ணெய்களுக்கு இல்லாத ஒரு குணம் உண்டு. அதன் பெரும்பகுதியான ரிசினோலிக் அமிலத்தில் ஹைட்ராக்சில் தொகுதி இருப்பதால் அது ஆல்கஹாலில் நன்றாகக் கலக்கும். நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ அப்படிக் கலக்காது. இயற்கை ரப்பரையும் அது கெடுப்பதில்லை. வழவழப்பில் அதற்கு நிகரானது அரிது. முதல் உலகப்போரின் சுழல் எஞ்சின் விமானங்களுக்கு உயவாக ஊற்றியதும் ஆமணக்கு எண்ணெயைத்தான். 1909இல் சார்லஸ் வேக்ஃபீல்டின் நிறுவனம் அதைச் சேர்த்துத் தயாரித்த உயவெண்ணெய்க்கு வைத்த பெயர் காஸ்ட்ரால். தனியே அது கெட்டியானது, குளிரில் உறைந்துபோகக்கூடியது என்பதால் ஆல்கஹாலைச் சேர்த்து இளக்கினார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின்னும் பல ஆண்டுகள் பிரேக் திரவம் என்றால் ஆமணக்கு எண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த இந்தக் கலவைதான். அந்த ஆமணக்கை உலகிலேயே மிகுதியாக விளைவிக்கும் நாடு இந்தியா. அதில் பெரும்பங்கு குஜராத்தில் விளைகிறது.

கலவையின் பலவீனம் ஆல்கஹால். எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். பியூட்டனால் 117 டிகிரிவரை தாங்கும். பிரேக் என்பது காரின் ஓட்ட ஆற்றலை வெப்பமாக மாற்றும் கருவி. வேகம் இரு மடங்கானால் அந்த வெப்பம் நான்கு மடங்காகும். 1930களின் கார்களுக்குப் போதுமானதாக இருந்த திரவம், போருக்குப் பின் வந்த கனமான, வேகமான கார்களுக்குப் போதவில்லை. சக்கர சிலிண்டருக்குள் திரவம் கொதித்தால் குமிழிகள் உண்டாகும். ஆவி சுருங்கக்கூடியது. ஓட்டுநர் மிதிக்கும் விசை முழுவதும் அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. சிறிது நேரம் கழித்து ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால், பிறகு சோதித்துப் பார்ப்பவருக்குப் பிரேக்கில் எந்தக் குறையும் தெரியாது. இந்தக் கோளாறு பல காலம் ஓட்டுநரின் தவறாகவே எழுதப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

1953இல் பிரான்சின் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக்குகள் பொருத்திய ஜாகுவார் சி-டைப் வென்றது. அடுத்த பத்தாண்டுகளில் டிஸ்க் பிரேக் சாதாரணக் கார்களுக்கும் இறங்கியது. டிரம் பிரேக்கைவிட இது வெப்பத்தை விரைவாகக் காற்றில் விடும் என்பது உண்மை. ஆனால் டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரின் பிஸ்டன், டிஸ்க்கில் உரசும் பேடின் முதுகிலேயே அமர்ந்திருக்கிறது. பிஸ்டனுக்குப் பின்னால் திரவம். வெப்பம் திரவத்தைச் சென்றடையும் தூரம் குறைந்துபோனது. அக்காலத்தில் வேதித் தொழில் புதிய பொருள்களைத் தந்திருந்தது: கிளைகால் ஈதர்களும் பாலிகிளைகால்களும். 200 டிகிரிக்கு மேல் கொதிப்பவை, கடுங்குளிரிலும் ஓடுபவை, ரப்பரை உப்பச் செய்யாதவை. செயற்கை ரப்பர் வகைகளும் கூடவே வந்தன. ஆமணக்கு எண்ணெய்க் கலவை மெல்ல மறைந்தது. இயற்கை ரப்பர் அடைப்புகள் கொண்ட பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு மட்டும் அதைச் சில காலம் தனியே விற்றார்கள்.

கிளைகால் வகைத் திரவங்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பராமரிப்பு என்ற பேச்சே இங்கிருந்துதான் தொடங்குகிறது. பிரேக் மூடிய அமைப்பு என்று சொல்லப்பட்டாலும் ஈரம் உள்ளே வர வழிகள் உண்டு. திரவத் தொட்டியின் மூடியில் காற்றுத் துளை இருக்கிறது. சக்கரத்துக்குச் செல்லும் ரப்பர்க் குழாயின் சுவர் வழியாகவும் ஈரம் மூலக்கூறு மூலக்கூறாக ஊடுருவும். இரண்டு மூன்று ஆண்டுகளில் திரவத்தில் நீரின் பங்கு 3 விழுக்காட்டை எட்டிவிடக்கூடும். அந்தச் சிறிய அளவே கொதிநிலையை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கீழே இறக்கிவிடும். கூடவே, திரவத்தில் கலந்துள்ள துருத் தடுப்பான்கள் காலப்போக்கில் தீர்ந்துபோக, சிலிண்டரின் உட்சுவர் குழிவிழத் தொடங்கும்.

ஈரத்தை உறிஞ்சுவது வெறும் குறையல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். உள்ளே வந்த நீர் எப்படியும் எங்காவது இருந்தாக வேண்டும். திரவம் அதைத் தன்னுள் கரைத்துப் பரப்பாவிட்டால், கனமான நீர் துளியாகத் திரண்டு, அமைப்பின் மிகத் தாழ்ந்த, மிகச் சூடான இடமான கேலிப்பரில் போய்த் தங்கும். 100 டிகிரியில் கொதிக்கும், குளிர்நாட்டில் உறைந்து குழாயை அடைக்கும், தங்கிய இடத்தில் துரு அரிக்கும். கரைத்து வைத்துக்கொள்வதால் ஆபத்து பரவலாகி மெதுவாகிறது. அந்த மெதுவான கெடுதலை உரிய காலத்தில் திரவத்தை மாற்றி நீக்கிவிடலாம் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை. மாற்றாமல் விட்டால் ஏற்பாடே குலைந்துவிடுகிறது.

1950களின் அமெரிக்கச் சந்தையில் நல்ல திரவத்தோடு மலிவான, தாழ்ந்த கொதிநிலைத் திரவங்களும் ஒரே மாதிரி டப்பாக்களில் விற்றன. வாங்குபவருக்கு வேறுபாடு காண வழியில்லை. அமெரிக்க மோட்டார் வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்திருந்த தரவரையறை பின்பற்ற விரும்பியவர்களுக்கு மட்டுமானதாக இருந்தது. 1962இல் அமெரிக்க காங்கிரஸ் பிரேக் திரவத்துக்கென்றே ஒரு சட்டம் இயற்றி, அரசு வகுக்கும் தரத்துக்குக் குறைந்த திரவத்தை விற்பதைத் தடை செய்தது. மோட்டார் வாகனப் பாதுகாப்புக்காக அந்நாட்டின் மத்திய அரசு கொண்டுவந்த முதல் சில சட்டங்களில் இது ஒன்று. சீட் பெல்ட்டுக்கான சட்டமே இதற்கு அடுத்துத்தான் வந்தது. 1966இன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்தப் பொறுப்பு போக்குவரத்துத் துறைக்குச் சென்றது. அந்தத் துறையின் ஆங்கில முதலெழுத்துகள்தான் இன்று உலகெங்கும் டப்பாக்களின் மேல் காணும் ‘டாட்’.

டாட் எண்களின் உள்ளடக்கம் இரண்டு கொதிநிலைகள். டப்பாவைத் திறந்த நிலையில் உள்ள புதிய திரவத்துக்கு ஒன்று, ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் கலந்த திரவத்துக்கு இன்னொன்று. டாட் 3 புதியதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரியும் ஈரம் கலந்த நிலையில் 140 டிகிரியும் தாங்க வேண்டும். டாட் 4க்கு இவை 230, 155. டாட் 5, டாட் 5.1 இரண்டுக்கும் 260, 180. டாட் 4இல் போரேட் எஸ்டர் என்ற பொருள் சேர்கிறது. அது உள்ளே வரும் நீருடன் வினைபுரிந்து அதைக் கட்டிப்போடுவதால் ஈரம் கலந்த நிலையிலும் கொதிநிலை அவ்வளவு இறங்குவதில்லை. இரண்டாவது எண்தான் சாலையில் பயன்படும் எண். விளம்பரங்கள் முதல் எண்ணையே பெரிதாக அச்சிடுவது வாங்குபவரைத் தவறான இடத்தில் பார்க்கவைக்கிறது.

நீரைத் திரவத்துக்குள் விடவே கூடாது என்று முயன்ற இரண்டு பாதைகளும் இந்த வரலாற்றில் உண்டு. ஒன்று சித்ரோயனுடையது. 1955இல் வந்த சித்ரோயன் டிஎஸ் காரில் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், கியர் மாற்றம், பிரேக் எல்லாமே ஒரே உயரழுத்தத் திரவத்தால் இயங்கின. முதலில் தாவர எண்ணெய் அடிப்படையிலான திரவமும், பிறகு செயற்கைத் திரவமும் ஊற்றினார்கள். இரண்டும் ஈரத்தை உறிஞ்சின. சாதாரணக் காரில் பிரேக்கை மட்டும் அரிக்கும் துரு இந்தக் காரில் நுணுக்கமான வால்வுகள் அத்தனையையும் அரித்தது. 1966இல் நிறுவனம் துணிந்து கனிம எண்ணெய்க்கு மாறியது. அதற்காக அடைப்புகளின் ரப்பர் முழுவதையும் எண்ணெய் தாங்கும் வகைக்கு மாற்றியது. புதிய திரவமும் அது ஓடும் பாகங்களும் பச்சை நிறம் பெற்றன. பழைய காரில் பச்சையையோ புதிய காரில் பழைய சிவப்புத் திரவத்தையோ ஊற்றிவிட்டால் அடைப்புகள் அனைத்தும் வீணாகும். ரோல்ஸ்ராய்ஸும் 1980இன் சில்வர் ஸ்பிரிட்டில் கனிம எண்ணெயை ஏற்றது. பொறியியலில் இது தெளிந்த தீர்வுதான். உலகின் ஒர்க்‌ஷாப்கள் முழுவதும் வேறொரு திரவத்துக்கும் வேறொரு ரப்பருக்கும் பழகிவிட்டதால் பரவ முடியாமல் போனது.

இன்னொரு பாதை சிலிக்கோன். ஈரத்தை உறிஞ்சாது, பெயின்ட்டைக் கெடுக்காது, பல ஆண்டுகள் கிடங்கில் நின்றாலும் மாறாது. நெடுங்காலம் ஓடாமல் நிற்கும் இராணுவ வாகனங்களுக்கு இவை பெரிய நன்மைகள் என்பதால் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க இராணுவம் இதற்கு மாறியது. டாட் 5 என்பது இதுதான். ஊதா நிறம் கொண்டது. ஆனால் சிலிக்கோன் காற்றைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும், சற்றே சுருங்கும், பெடல் மெத்தென்று இருக்கும். உள்ளே நுழையும் நீர் துளியாகவே தங்கிவிடுகிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்க நொடிக்குப் பலமுறை வால்வுகளைத் திறந்து மூடும் ஏபிஎஸ்ஸுக்கு அது பொருந்தவில்லை. டாட் 5.1 பெயரில் நெருங்கியிருந்தாலும் கிளைகால் இனம். டாட் 3, டாட் 4 உடன் கலக்கக்கூடியது. டாட் 5ஐ இவை எதனோடும் சேர்க்கக் கூடாது.

1978இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்தபின் திரவத்திடம் கேட்கப்படும் கேள்வி மாறியது. கொதிநிலையோடு பாகுநிலையும் முக்கியமாயிற்று. மெல்லிய வால்வுத் துளைகளின் வழியே திரவம் மிக வேகமாக ஓட வேண்டும். குளிரில் கெட்டிப்பட்டால் கருவி பிந்திச் செயல்படும். கடுங்குளிரில் டாட் 4க்கு அனுமதிக்கப்படும் பாகுநிலையில் பாதிதான் டாட் 5.1க்கு அனுமதி. ஐஎஸ்ஓ 4925 தரத்தில் பாகுநிலை குறைந்த தனி வகுப்பே இதற்காகச் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் 2018 ஏப்ரல் முதல் புதிய மாடல் கார்களுக்கும், மறு ஆண்டு முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. 125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கும் அதே காலத்தில் வந்தது. பைக்கின் ஹேண்டில்பாரில் உள்ள சிறு தொட்டியில் சில தேக்கரண்டி அளவுதான் திரவம். அது காரைவிட விரைவாகக் கெடும், அதைப் பற்றி எண்ணுபவர்களோ குறைவு.

இந்தியச் சாலைகளில் ஹைட்ராலிக் பிரேக் பிரிட்டிஷ் வழியாக வந்தது. அம்பாசிடரின் மூலம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. 1962இல் டிவிஎஸ் குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் கூட்டாகச் சென்னையில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. மாஸ்டர் சிலிண்டரும் சக்கர சிலிண்டரும் உள்நாட்டிலேயே உருவாயின. டிவிஎஸ் கிர்லிங் என்ற பெயரில் வந்த திரவம் தமிழ்நாட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் தலைமுறைகளாகப் பழகிய பெயர். கனரக லாரிகளும் பேருந்துகளும் காற்றழுத்தப் பிரேக்குக்குப் போய்விட்டன; கார், வேன், சிறு சரக்கு வண்டி, பைக் ஆகியவை திரவத்தையே நம்பியுள்ளன. பல கார்களில் கிளட்ச்சும் இதே திரவத்தால்தான் இயங்குகிறது.

வெப்பமும் ஈரமும் சேர்ந்து தாக்கும் இடம் மலைப்பாதை. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். கல்லட்டி வழியாக ஊட்டியிலிருந்து இறங்கினால் 36. மேல் கியரில் இறங்கிப் பிரேக்கையே பிடித்துக்கொண்டு வந்தால் டிஸ்க்குகள் சில நூறு டிகிரிக்குச் சூடேறும். ஓடும்போது காற்று ஓரளவு ஆற்றிக்கொண்டே இருக்கும். அடிவாரத்துக்குச் சற்று மேலே டீக்கடையில் நிறுத்தினால் அந்தக் காற்றும் நின்றுபோய், டிஸ்க்கின் வெப்பம் மெல்லக் கேலிப்பருக்குள் இறங்கும். திரவம் கொதிப்பது பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்களில்தான். வண்டியை மீண்டும் எடுத்து முதல் வளைவில் மிதிக்கும்போது பெடல் உள்ளே போகிறது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய ஓட்டுநர்களின் விதி எஞ்சினைப் பிரேக்காக்கி வெப்பத்தைக் குறைக்கிறது. மழைக்காலம் பல கண்ட திரவத்தோடு மலை ஏறுபவருக்கு அந்த விதி மட்டும் போதாது.

பெரும்பாலான கார் நிறுவனங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அல்லது குறிப்பிட்ட கிலோமீட்டரில், எது முந்துகிறதோ அப்போது திரவத்தை மாற்றச் சொல்கின்றன. ஓடாமல் நின்ற காருக்கும் இது பொருந்தும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது: தெளிவான திரவத்திலும் நீர் மிகுந்திருக்கலாம். கொதிநிலையை நேரடியாக அளக்கும் கருவியும், செம்பின் அளவைக் காட்டும் சோதனைத் தாளும் நம்பத்தக்கவை. தொட்டியில் மட்டம் மெல்ல இறங்குவது இயல்பு. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்து அந்த இடத்தைத் திரவம் நிரப்புகிறது. அப்படி இறங்கியதை உடனே மேலே நிரப்புவது பேட் தேய்ந்த செய்தியை மறைப்பதாகும். திடீரென இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. சக்கரத்தின் உட்புறம், மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கம் ஆகிய இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மாற்றும் வேலையில் பழைய பழக்கங்கள் சில இன்னும் தொடர்கின்றன. திறந்து பல மாதம் அலமாரியில் இருந்த டப்பாவிலிருந்து ஊற்றுவது ஒன்று. அந்தத் திரவம் காருக்குள் போகும் முன்பே ஈரம் குடித்திருக்கும். பிரேக் குழாயிலிருந்து ஏர் எடுக்கும்போது பாட்டிலில் பிடித்த பழைய திரவத்தை மீண்டும் தொட்டியில் ஊற்றுவது இன்னொன்று. ரப்பர்க் கிண்ணங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவது எல்லாவற்றிலும் கேடானது: தோலை நீக்கி ரப்பரைப் போட்ட நாளிலிருந்து தவிர்த்துவந்த அதே உப்பல் நேரும். புதிய பிரேக் திரவத்தால் கழுவுவதே முறை. பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி அருகில் உள்ளதற்கு வருவார்கள். குறுக்குச் சுற்றும் ஏபிஎஸ்ஸும் உள்ள கார்களில் வரிசை மாறும் என்பதால் அந்தக் காரின் கையேட்டைப் பார்க்க வேண்டும். பெயின்ட்டில் சிந்தினால் துடைத்துத் தேய்க்காமல் உடனே நிறைய நீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

காரின் மற்றத் திரவங்களும் ஏறத்தாழ இதே வழியில்தான் வந்தன. எஞ்சினைக் குளிர்விக்க முதலில் வெறும் தண்ணீர். குளிர்நாடுகளில் உறையாதிருக்க ஆல்கஹால் சேர்த்தார்கள். சூட்டில் அது ஆவியாகிப் போனது. 1927இல் பிரெஸ்டோன் என்ற பெயரில் எத்திலீன் கிளைகால் சந்தைக்கு வந்தபின் ஒருமுறை ஊற்றினால் குளிர்காலம் முழுவதும் தாங்கியது. பாதிக்குப் பாதி நீர் கலந்தால் உறைநிலை ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி. பனியே காணாத ஊரில் இது எதற்கு என்று கிணற்றுத் தண்ணீரை ஊற்றியவர்கள் ரேடியேட்டரில் உப்புப் படிவதையும் அலுமினிய சிலிண்டர் ஹெட் அரிபடுவதையும் கண்டார்கள். கூலன்ட்டின் கொதிநிலையும் துருத் தடுப்பான்களும் வெப்பநாட்டுக்கு உறைநிலையைவிட முக்கியம். தடுப்பான்கள் தீர்ந்துபோவதால்தான் அதற்கும் காலக்கெடு. எத்திலீன் கிளைகால் இனிக்கும் நஞ்சு. குழந்தைகளும் நாயும் பூனையும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

எஞ்சின் ஆயிலுக்குப் பாகுநிலை எண்களை 1911இல் வகுத்தார்கள். ஆயிலின் பெயரில் வரும் ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிப்பது. அதன் முன்னுள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் காட்டும். கரியையும் அமிலத்தையும் தன்னுள் ஏந்தி வைத்துக்கொள்ளும் கூட்டுப்பொருள்கள் சேர்ந்தபின் ஆயில் விரைவில் கறுப்பது வேலை செய்வதன் அடையாளமானது.

தானியங்கி கியர்பெட்டியின் திரவத்துக்குப் பின்னால் துயரமான ஒரு பகுதி இருக்கிறது. 1939இல் ஜெனரல் மோட்டார்ஸ் அறிமுகப்படுத்திய ஹைட்ரமேட்டிக்கும் அதைத் தொடர்ந்தவையும் மென்மையாகக் கியர் மாற, உராய்வைச் சீராக்கும் ஒரு பொருள் தேவைப்பட்டது. அதற்கு உகந்ததாகக் கண்டது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் ஓடிய எத்தனையோ கார்களின் கியர்பெட்டிகளில் அது இருந்தது. 1970இல் அந்தத் திமிங்கிலத்தை அமெரிக்கா அழிவுக்குள்ளாகும் இனமாக அறிவித்து எண்ணெய் இறக்குமதியைத் தடுத்த பிறகே வேதியியலாளர்கள் மாற்றுப்பொருள்களைத் தேடினார்கள், கண்டும்பிடித்தார்கள். முன்பே தேடியிருக்கலாம்.

கழித்தெடுத்த திரவம் எதுவும் மண்ணிலோ சாக்கடையிலோ போகக் கூடாது. பழைய எஞ்சின் ஆயிலை இந்திய விதிகள் தீங்கான கழிவாகக் கணக்கிடுகின்றன. உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம்தான் அது சேர வேண்டும். பிரேக் திரவத்தையும் கூலன்ட்டையும் அதோடு கலக்காமல் தனித்தனியே பிடித்துவைத்தால்தான் அந்த மறுசுத்திகரிப்பு நடக்கும்.

மின்சாரக் கார்களில் எஞ்சின் ஆயில் இல்லை. பலவற்றில் பேட்டரியைக் குளிர்விக்கக் கூலன்ட் இருக்கிறது, பிரேக் திரவமும் இருக்கிறது. வேகம் குறைக்கும் வேலையின் பெரும்பகுதியை மோட்டாரே செய்து மின்சாரமாகத் திருப்பித் தருவதால் பேடுகள் நெடுங்காலம் தேயாமல் நிற்கின்றன. பேடு மாற்ற வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வேளையில்தான் பல மெக்கானிக்குகள் திரவத்தையும் கவனித்தார்கள். அந்தச் சந்தர்ப்பம் இப்போது அரிதாகிறது. ஈரம் மட்டும் முன்போலவே ரப்பர்க் குழாய் வழியாக நுழைந்துகொண்டிருக்கிறது. சக்கரத்திலேயே மின்மோட்டாரை வைத்துப் பேடை அழுத்தும், திரவமே இல்லாத பிரேக்குகளை உற்பத்தியாளர்கள் இப்போது உருவாக்கி வருகின்றனர். அவை பரவும்வரை மின்சாரக் காருக்கும் அதன் கையேடு சொல்லும் காலக்கெடுவே பொருந்தும்.